எல்லை கடந்த எடிங்டன்

போர் மூண்டால் முதலில் அடைபடுவது நாட்டின் எல்லை. அடுத்து அடைபடுவது மனிதர் மனம். அறிஞர்களும் இதற்கு விலக்கல்லர். அத்தகைய காலத்தில் பகைநாட்டு விஞ்ஞானத்துக்குக் கதவு திறந்து வைத்தவர் ஆர்தர் ஸ்டான்லி எடிங்டன்.

இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கெண்டல் என்னும் ஊரில் 1882ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தலைமையாசிரியரான தந்தையை டைபாய்டு காய்ச்சல் 1884இல் கொண்டுபோயிற்று. குறைந்த வருவாயில் அன்னை வளர்க்க, உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்த பிள்ளை, கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1904இல் முதல்வராகத் தேறினார். 1913இல் அங்கேயே பேராசிரியரானார்.

அடுத்த ஆண்டு உலகப்போர் வெடித்தது. ஒளி சூரியனருகே வளையும் என்ற ஐன்ஸ்டைனின் கருத்தைச் சோதிக்கக் கிரிமியா சென்றிருந்த ஜெர்மன் குழுவினரை ருஷ்யர் சிறைப்பிடித்தனர், கருவிகளும் பறிபோயின. ஜெர்மன் அறிவாளர் 93 பேர் தம் நாட்டுப் படையின் செயலை ஆதரித்து அறிக்கை விடுத்தனர். இங்கிலாந்து கொதித்தது. ஜெர்மானியருடன் இனிக் கூட்டுறவு வேண்டாம் என்று ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டர்னர் 1916இல் எழுதினார். எடிங்டன் மறுத்தெழுதினார். 'ஜெர்மானியன்' என்ற சொல்லை எண்ணாமல், முன்பு பழகிய ஜெர்மன் நண்பரை எண்ணிப் பார்க்கும்படி அவர் வேண்டினார்.

அவ்வேளையில் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கை நேரே இங்கிலாந்து வர வழியில்லை. போரில் சேராத ஹாலந்திலிருந்து டி சிட்டர் என்ற வானநூலார் அதை விளக்கி எழுதியனுப்பினார். ராயல் வானநூற் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் எடிங்டன் அதைப் பெற்றார்; கழக இதழில் வெளிவரச் செய்தார்; தாமும் கற்று 1918இல் விரிவான அறிக்கை எழுதினார்.

அவர் கொலையை வெறுக்கும் குவேக்கர் சமயத்தவர். படையில் சேர மறுத்ததால் 1918இல் விசாரணைக்கு நிற்க நேர்ந்தது. அரச வானநூலார் பிராங்க் டைசன் குறுக்கிட்டு, கிரகண ஆராய்ச்சிக்கு ஆயத்தம் செய்யவேண்டும் என்ற நிபந்தனையின்மீது விலக்குப் பெற்றுத் தந்தார்.

1919 மே 29. ஆப்பிரிக்காவை அடுத்த பிரின்சிப்பித் தீவில் எடிங்டன் காத்திருந்தார். காலையில் மழை கொட்டியது. கிரகணத்தின்போதும் மேகம் மறைத்தது. எடுத்த 16 படங்களில் பயன்பட்டவை இரண்டே. நியூட்டன் வழிக் கணக்கில் வளைவு 0.87 விகலை, ஐன்ஸ்டைன் கணக்கில் 1.75. பிரின்சிப்பி தந்தது 1.61, பிரேசிலின் சொப்ராலுக்குச் சென்ற மற்றொரு குழுவின் சிறந்த படங்கள் தந்தது 1.98. நவம்பர் 6ஆம் நாள் லண்டனில் முடிவு அறிவிக்கப்பட்டது. ஜெர்மானியர் வகுத்த கொள்கைக்கு ஆங்கிலேயர் சான்று தந்தனர்!

ஆயினும் பகை ஆறவில்லை. அதே ஆண்டில் தோன்றிய சர்வதேச ஆராய்ச்சிக் குழு ஜெர்மனியை விலக்கி வைத்தது. ஐன்ஸ்டைனுக்குத் தங்கப் பதக்கம் தரும் முயற்சி ராயல் வானநூற் கழகத்தில் 1920இல் தோற்றது, 1926இல்தான் கைகூடியது.

எடிங்டனிடமும் குறையுண்டு. 1935இல் நம் தமிழ் இளைஞர் சந்திரசேகரின் விண்மீன் ஆராய்ச்சியை அவையிலே எள்ளி நகையாடினார். தவறியவர் எடிங்டனே எனக் காலம் காட்டியது. எனினும் சந்திரசேகர் நட்பை முறிக்கவில்லை. பிற்காலத்தில் எடிங்டனைப் போற்றி நூலும் எழுதினார். பகைநாட்டார் கருத்தை மதித்தவருக்கு, எதிரே நின்ற இளைஞரின் கருத்தை மதிப்பது அரிதாயிற்று!

1938இல் சர்வதேச வானநூற் சங்கத்தின் தலைவரான அவர், மற்றோர் உலகப்போரின் நடுவே 1944இல் மறைந்தார். அச்சங்கத்தில் ஜெர்மனி சேர்ந்தது 1951இல்.

ஆய்வுக்கூடத்தில் நுழையும் நமக்கு அவர் வாழ்வு காட்டும் வழி எளியது. அரசுகள் பேச்சை நிறுத்தலாம். கடிதம் எழுதும் கை நிற்க வேண்டியதில்லை. நேர்வழி அடைபட்டால் ஒரு ஹாலந்து எங்கேனும் இருக்கும். அதைத் தேடுவது நம் கடன்.