சி மொழியைத் தந்த டெனிஸ் ரிச்சி

கடந்த வருடம் என் நானா கொடிகாமத்தில் புகையிரதம் ஏறி, மென்பொருள் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குக் கொழும்பு சென்றார். வேலை கிடைக்கவில்லை. சந்தையிலிருந்து வந்த வாப்பா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் நானாவுக்குப் பெரிய பாரம். இரவு என் கொப்பியில் ஒரு வரி எழுதினார்: 6 & 4 == 4. சி மொழியில் விடை என்ன? 1 என்றேன். அவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். சரியான விடை 0. இப்படியொரு மொழியை ஆக்கியவர் யார் என்ற கோபத்தில்தான் டெனிஸ் ரிச்சியைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

1941 செப்டெம்பர் 9 இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தார். தந்தை பெல் ஆய்வுகூட விஞ்ஞானி. ஹாவாட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து, கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வேடும் எழுதினார். ஆனால் அதைக் கட்டுவித்து ஒப்படைக்காததால் பட்டம் கிடைக்கவில்லை. (இதைக் கேட்ட உம்மா தலையில் கைவைத்தார்.)

1967 இல் பெல் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். நண்பர் கென் தொம்சன் தொடங்கிய யுனிக்ஸ் பணிசெயல் முறைமைக்கு, அவருடைய 'பி' மொழி போதவில்லை. அதை வளர்த்து ரிச்சி சி மொழியாக்கினார். 1973 இல் யுனிக்ஸின் கருவே சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. இன்று அன்ரொய்ட் தொலைபேசியின் அடியில் இருக்கும் லினக்ஸ் கருவும் பெரும்பாலும் சி மொழிதான்.

நானாவைத் தடுக்கிய வரியின் கதையும் இங்கேதான் இருக்கிறது. பி மொழியில் & என்ற ஒரே குறி இரண்டு வேலை பார்த்தது: எண்களின் இருமக் கூறுகளை ஒப்பிடும், நிபந்தனைகளையும் இணைக்கும். நிபந்தனைகளை இணைக்கும்போது == முதலில் நடக்க வேண்டும். பிறகு நிபந்தனைகளுக்கென்று && தனியாக வந்தது. அப்போதே & குறியை முன்னுக்கு நகர்த்தியிருக்கலாம். பி மொழியில் எழுதிய செய்நிரல்களைச் சி மொழிக்கு மாற்றுபவர்கள் சிரமப்படுவார்களே என்று இருந்த இடத்திலேயே விட்டார்கள். அதனால் 4 == 4 முதலில் 1 ஆகிறது; 6 & 1 என்பது 0. மாற்றியிருந்தால் நல்லது என்று 1993 இல் எழுதிய சி மொழி வரலாற்றில் ரிச்சியே ஒத்துக்கொண்டார். இதை வாசித்துக் காட்டியபோது நானா பல நாட்களுக்குப் பிறகு சிரித்தார்.

1983 இல் தொம்சனுடன் ரியூரிங் விருது பெற்றார். தனியே வாழ்ந்தவர், 2011 ஒக்டோபர் 12 இல் நியூ ஜேர்சி வீட்டில் இறந்திருக்கக் காணப்பட்டார். ஒரு வாரம் முன் இறந்த ஸ்டீவ் ஜொப்ஸுக்கு உலகமே அழுதது. இவரைப் பலர் அறியவேயில்லை.

நானா இப்போது அடைப்புக்குறி போடாமல் ஒரு வரியும் எழுதுவதில்லை. அடுத்த நேர்முகத் தேர்வு வருகிற மாதம்.