போர்க்கள வைத்தியர் டாக்டர் கோட்னிஸ்

நம் பென்னலூருக்கு மேற்கே, காஞ்சிமாநகருக்கு அணித்தாக உள்ள புள்ளலூர் என்னும் சிற்றூரை நேயர்களில் பலர் அறிந்திருப்பர். பல்லவ மகேந்திரவர்மன் காலத்திலேயே போர்க்களமாக விளங்கியதெனச் சரித்திர ஆசிரியர் கருதும் அவ்வூரில், 1780-ஆம் வருடம் செப்டம்பர் மாதம் 10-ஆம் தேதி ஹைதர் அலியின் சேனையும் கர்னல் பெய்லியின் கும்பினிச் சேனையும் கைகலந்தன. அதற்கு நான்கு நாள் முன்னரே பேரம்பாக்கத்தில் திப்புவோடு ஒரு போர் நிகழ்ந்திருந்தது. வென்றவர் இன்னார், தோற்றவர் இன்னார் என்பதைப் பாடப் புத்தகங்கள் செவ்வனே கூறும். வெட்டும் குண்டும் பட்டு வீழ்ந்து கிடந்த சிப்பாய்கள் யாது கதி அடைந்தனர் என்பதை எடுத்துரைப்பார் அரியர். அச்சிப்பாய்களில் பெரும்பாலார் இந்நாட்டு மக்களே. போரைப் பாடுவோர்க்குப் புண்பட்டவனைப் பற்றி நினைவு வருவது அருமை போலும்.

ஆயினும் நம் பழந்தமிழர் அதனை முற்றும் மறந்தாரல்லர். புண்பட்டு வீடு திரும்பிய வீரனைப் பேய் தீண்டாவண்ணம் மனைவி காத்தலைத் தொடாக்காஞ்சி என்னும் துறையாக வகுத்தனர். வேப்பிலை செருகுதலும், வெண்சிறுகடுகு புகைத்தலும், காஞ்சிப் பண் பாடுதலும் புறநானூற்றிற் காணப்படுகின்றன. மார்பிற் பட்ட வெட்டினை வெள்ளூசியால் தைத்த செய்தி பதிற்றுப்பத்தில் வருகின்றது. ஆனால் இவையெல்லாம் தம்மவர்க்குத் தம்மவர் செய்த பணிவிடை. பிறநாட்டார் போரில், பிறமொழி பேசும் மாந்தரின் புண்ணைக் கழுவுதற்கென்றே கடல் கடந்து சென்று, அங்கேயே உயிர் நீத்த ஓர் இந்திய வைத்தியரின் சரிதத்தை ஈண்டு எழுத எண்ணினோம். அவரே டாக்டர் துவாரகநாத் சாந்தாராம் கோட்னிஸ்.

நம் மரபிற் பிறந்த பெரியோர் சரிதமே நம் சங்கப் பத்திரிகையில் வரவேண்டும் என்று கூறுவார் சிலர் உளர். கோட்னிஸ் நம் மரபினரும் அல்லர், தமிழ் நாட்டினரும் அல்லர். ஆயினும் நம்மவர் வீடுகளில் வைத்தியம் படிக்கும் பிள்ளைகளும், தாதி வேலைக்குப் பயிலும் பெண்களும் இந்நாளில் மிகுந்து வருகின்றனர். அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இது என்பதே எமது துணிபு.

இவர் 1910-ஆம் வருடம் அக்டோபர் மாதம் 10-ஆம் தேதி ஷோலாப்பூரிற் பிறந்தார். அது ஆலைகளும் நெசவும் மலிந்த ஊர். பம்பாய் சேட் கோவர்தனதாஸ் சுந்தரதாஸ் வைத்தியக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்று, மேற்படிப்பிற்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். நடுத்தரக் குடும்பம். மகன் படித்து முடித்தால் வீட்டுப் பாரம் இறங்கும் என்று பெற்றோர் காத்திருந்த காலம். இவ்விஷயம் நம் குடும்பங்களுக்கு விளக்க வேண்டுவதன்று.

1937-ஆம் வருடம் ஜூலை மாதம் ஜப்பானியர் சீன தேசத்தின்மேற் பெரும் படையெடுத்தனர். ஷாங்காய் வீழ்ந்தது, நான்கிங் வீழ்ந்தது. வைத்தியர் இல்லாமையால் பிழைக்கத்தக்க காயக்காரரும் மாண்டனர். எட்டாம் மார்க்கப் படை எனப்பட்ட சேனையின் தளபதி சூ தே என்பவர் வைத்திய உதவி வேண்டிப் பண்டித நேருவுக்குக் கடிதம் எழுதினார். 1938-இல் காங்கிரசின் அக்கிராசனராயிருந்த சுபாஷ் சந்திர போஸ் தேசமக்களுக்கு விண்ணப்பம் விடுத்தார். சீன தினம் கொண்டாடி இருபத்திரண்டாயிரம் ரூபாய் திரட்டினர். ஓர் ஆம்புலன்ஸ் வண்டியும் ஐந்து வைத்தியரும் அனுப்பத் தீர்மானமாயிற்று. தானே அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு தேசம், தன் கையிற் காசில்லாத நிலையில், பிறிதொரு தேசத்திற்கு வைத்தியரை அனுப்பிற்று என்பதைச் சற்றே நின்று நினைத்துப் பார்த்தல் தகும்.

அவ்வைவருள் தலைவர் டாக்டர் அட்டல். இவர் முன்னரே ஸ்பெயின் தேசத்து யுத்தத்திற் பணிசெய்தவர். நாகபுரியைச் சேர்ந்த முதியவர் டாக்டர் சோல்கர், கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பாசு, டாக்டர் முகர்ஜி ஆகிய மூவரும், இருபத்தேழு வயதினரான கோட்னிஸும் ஏனையோர். 1938 செப்டம்பர் முதல் தேதி பம்பாய்த் துறைமுகத்தினின்று ராஜபுதானா என்னும் கப்பலேறினர். ஓராண்டில் திரும்பிவிடலாம் என்பதே வீட்டார் கொண்ட நம்பிக்கை.

காண்டனும் ஹாங்கோவும் அவர்கள் கடந்து சென்ற சில வாரங்களிலேயே ஜப்பானியர் வசமாயின. யாங்ட்ஸி நதி வழியே பின்வாங்கிச் சுங்கிங் சேர்ந்தனர். அங்கேதான் கோட்னிஸுக்குத் தந்தையார் காலமான செய்தி வந்தது. ஊர் திரும்புமாறு தோழர் வற்புறுத்தினர். பிள்ளைக்குரிய கடமை ஒருபுறம் இழுத்தது. கையேற்றுக்கொண்ட வேலை இன்னும் தொடங்கவேயில்லை என்பது மறுபுறம் இழுத்தது. அவர் திரும்பவில்லை. இதனைச் சரியென்போரும் உளர், பிழையென்போரும் உளர். தாயாரைத் தனியே துயரில் விட்ட மகனை எளிதிற் புகழ்ந்துவிட எமக்கும் மனம் ஒருப்படவில்லை. ஆனால் அம்முடிவினால் அவர் எத்துணை வருந்தினார் என்பதை உடனிருந்தோர் அறிவர். 1939 பிப்ரவரி 12-ஆம் தேதி ஐவரும் யேனான் சேர்ந்தனர்.

யேனான் என்பது மஞ்சள் மண் குன்றுகளிற் குடைந்த குகைகளே வீடுகளாக அமைந்த ஊர். ஆகாய விமானத்தின் குண்டுகளுக்கு அஞ்சி வைத்தியசாலையும் குகைகளிலேயே இயங்கிற்று. தினைச் சோறும் கிழங்குமே உணவு. வயது முதிர்ந்த சோல்கரும், பின்னர் முகர்ஜியும், உடல் நலம் குன்றி இந்தியா திரும்பினர். அட்டலும் சரும நோயால் 1940-இல் மீண்டார். பாசுவும் கோட்னிஸும் போர்முனைக்குச் சென்றனர்.

இனி அவர் செய்த வேலையின் தன்மையைச் சிறிது விரித்துரைப்போம். பகைவர் காவலரண்களுக்கு இடையே, இரவில் நடந்தும் கோவேறு கழுதைமேற் பொருள் ஏற்றியும் திரிவதே அந்நாட்டு வைத்தியப் படையின் வழக்கம். நகரத்து ஆஸ்பத்திரியைப்போல் நோயாளி வைத்தியனைத் தேடி வருவதில்லை. காயக்காரன் கிடக்கும் இடத்தை நாடி வைத்தியனே செல்ல வேண்டும். கிராமத்துக் கோயிலோ, குடியானவன் வீட்டுத் திண்ணையோ அன்றைய ரணசிகிச்சை அறையாகும். கதவைக் கழற்றிப் படுக்கையாக்குவர். குண்டு பாய்ந்த புண்ணில் முதற் சில மணி நேரத்திற்குள் கந்தலும் மண்ணும் செத்த சதையும் நீக்கப்பட்டால் அவயவம் பிழைக்கும். தாமதமாயின் அழுகும், பின்னர்க் கையோ காலோ வெட்டப்படும், அதற்கும் பிந்தினால் உயிரே போகும். ஆதலின் போர் நடக்கும் இடத்திற்கு எவ்வளவு அருகில் வைத்தியன் இருக்கின்றானோ அவ்வளவு பேர் பிழைப்பர். இவ்வுண்மையை அப்பிரதேசத்தில் நிலைநாட்டியவர் கனடா தேசத்து நார்மன் பெத்யூன் என்னும் பேர்பெற்ற ரணவைத்தியர். கையுறையின்றிச் சிகிச்சை செய்கையில் விரலில் ஏற்பட்ட சிறு வெட்டு நஞ்சேறி, அவர் 1939 நவம்பர் 12-ஆம் தேதி இறந்தார். அவர் விட்டுச்சென்ற இடத்திற்கே கோட்னிஸ் 1940-இல் வந்து சேர்ந்தார்.

மருந்து கிட்டுவது அரிது. ஜப்பானியர் ஒருபுறமும் சீனத்து உட்பகை மற்றொருபுறமும் வழிகளை அடைத்திருந்தன. கட்டுத்துணியைத் துவைத்து வேகவைத்து மீண்டும் மீண்டும் உபயோகித்தனர். மூங்கிலாலும் மரத்தாலும் கருவிகள் செய்துகொண்டனர். மயக்க மருந்து போதாத நாட்களும் இருந்தன. 1940 ஆகஸ்டு மாதம் நூறு ரெஜிமெண்டுப் போர் எனப்படும் பெருந்தாக்குதல் தொடங்கிற்று. அப்போது சில தினங்களுக்குள் எண்ணூற்றுக்கு மேற்பட்ட காயக்காரரைக் கோட்னிஸின் பிரிவு ஏற்றுக்கொண்டது. மூன்று நாள், அதாவது எழுபத்திரண்டு மணி நேரம், கண்ணயராது அவர் நின்று சிகிச்சை செய்ததாக அறிகின்றோம்.

1941 ஜனவரியில் பெத்யூன் சர்வதேச சமாதான வைத்தியசாலை என்னும் நிலையத்திற்கு அவர் முதல் அதிபராக நியமிக்கப்பட்டார். அங்கே வைத்தியசாலையோடு பள்ளியும் இருந்தது. குடியானவப் பிள்ளைகளைச் சில காலத்திற்குள் வைத்தியராகவும் தாதியராகவும் பழக்கிப் போர்முனைக்கு அனுப்ப வேண்டும். கோட்னிஸ் இதற்கெனச் சீன மொழியை ஊன்றிக் கற்று, துபாஷி இன்றி அம்மொழியிலேயே பாடஞ் சொன்னார், பாடநூலும் எழுதலானார். நம் நாட்டிலோ வைத்திய நூல்கள் தாய்மொழியில் வரவியலாது என்று வாதிப்போர் இன்றும் குறைந்தபாடில்லை. சாமுவேல் பிஷ் கிரீன் என்னும் அமெரிக்கர் யாழ்ப்பாணத்தில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் வைத்தியம் கற்பித்ததையும் இவர்கள் அறியார்.

கிராமத்தாருக்கும் அவரே வைத்தியர். நிறம் பற்றியும் பரிவு பற்றியும் அவரைக் கறுப்புத் தாய் என அழைத்தனர் என்பர். புண்ணையும் சீழையும் மலத்தையும் தொட்டுத் துடைக்கும் வேலையில் மேல் கீழ் என்பது எங்கே நிற்கும்? நம்மவரிற் சிலர், மகன் டாக்டரானால் ஊரெங்கும் சொல்லி மகிழ்கின்றனர். மகள் தாதியாகச் செல்வாளாயின் வரன் அமையாதென்று முகம் சுளிக்கின்றனர். ரணவைத்தியன் வெட்டிச் சென்ற பின்னர் இரவெல்லாம் விழித்துக் காப்பவள் தாதியே என்பதை, ஆஸ்பத்திரியிற் படுத்தெழுந்தோர் எவரும் மறுக்கமாட்டார்.

கோட்னிஸ் மணந்ததும் ஒரு தாதியையே. க்வோ சிங்லான் என்னும் அம்மாது அப்பள்ளியில் தாதிக் கல்வி கற்பித்தவர். பெத்யூன் சமாதியருகே நிகழ்ந்த வைபவம் ஒன்றில் இருவரும் முதன்முதல் கண்டனர். 1941-ஆம் வருட இறுதியில் மணம் நிகழ்ந்தது. ஜாதி, மொழி, தேசம் மூன்றும் வேறு. ஜாதகமும் பந்தமும் பார்த்தே பெண்ணெடுக்கும் நம் போன்ற சமூகத்தின் பத்திரிகையில் இதனை மறைத்து எழுதுவதே மரபு என்று சிலர் எண்ணக்கூடும். மறைத்தால் அம்மனிதரின் சரிதம் அன்று. அவருடைய தாயார் அம்மருமகளைப் பின்னாளில் தம் குடும்பத்தவராகவே ஏற்றுக்கொண்டனர். 1942 ஆகஸ்டு 23-இல் ஆண்மகவு பிறந்தது. இந்தியாவையும் சீனாவையும் குறிக்கும் இரண்டு எழுத்துக்களைச் சேர்த்து இன்ஹுவா எனப் பெயரிட்டனர். அவ்வருடமே கோட்னிஸ் சீனப் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தார். அக்கொள்கை நம் நேயர் பலர்க்கு உடன்பாடன்று. ஆயினும் அவர் விரும்பித் தேர்ந்ததை நாம் ஒளித்தல் முறையன்று.

கடும் உழைப்பும் குறைந்த உணவும் அவர் உடலைத் தின்றன. வலிப்பு நோய் கண்டது. வேறிடஞ் சென்று சிகிச்சை பெறுமாறு மேலதிகாரிகள் கூறியும், போர் முற்றிய வேளையில் நிலையத்தை விட்டு அகல அவர் இணங்கவில்லை. பிறர் நோயை ஒரு நொடியில் உணரும் வைத்தியர் தம் நோயைத் தள்ளிப் போடுதல் உலகெங்கும் உள்ள குறை. மகன் பிறந்து நான்கு மாதமும் நிறையாத நிலையில், 1942 டிசம்பர் 9-ஆம் தேதி விடியற்காலையில், வலிப்பு தொடர்ந்து வந்து அவர் ஆவி பிரிந்தது. அப்போது வயது முப்பத்திரண்டு. எழுதிக்கொண்டிருந்த ரணசிகிச்சைப் பாடநூல் முற்றுப்பெறாமலே நின்றது.

உடன் சென்ற பாசு 1943-இல் தனியே இந்தியா மீண்டார். ஐவரில் ஒருவர் திரும்பாத கதையைக் குவாஜா அகமது அப்பாஸ் நூலாக்கினார். அதனைத் தழுவி வி. சாந்தாராம் 1946-இல் படம் எடுத்து, தாமே கோட்னிஸாக நடித்தார்.

இவ்விடத்தில் ஒரு செய்தி சொல்லாமல் விடலாகாது. 1950 நவம்பரில் இந்தியா 60-ஆவது பாராசூட் கள வைத்தியப் படையைக் கொரியாவிற்கு அனுப்பிற்று. அதன் தலைவர் லெப்டினென்ட் கர்னல் ஆற்காடு ரங்கராஜ் என்னும் தமிழர். மகாவீர் சக்கரம் பெற்றவர். அங்கே அவருடைய வைத்தியர் பேணிய காயக்காரர் சீனப் படையோடு பொருதவர். எட்டாண்டுகளுக்கு முன் கோட்னிஸ் பேணியவரோ சீனப் படையினர். அரசியலார் பகையும் நட்பும் மாறி மாறி வரும். 1962-இல் இந்தியாவும் சீனாவுமே எல்லையிற் பொருதன.

நம் பென்னலூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நெருங்கியுள்ளன. இயந்திரத்திற் கைபட்டோர்க்கும் முதற் சில நிமிஷங்களே உயிர்நாடி. நூற்றைம்பது தொழிலாளர்க்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் உள்ள ஆலையில் ஓர் ஆம்புலன்ஸ் அறையும் இருத்தல் வேண்டும் என 1948-ஆம் வருடத்துச் சட்டம் விதித்தது. பெட்டி இருந்தும் திறந்து கட்டுப்போடத் தெரிந்தார் இலரேல் பயன் யாது? நம் இளைஞர் அவ்வித்தையைப் பயில்வரேல் நன்று.

கோட்னிஸின் பூதவுடல் முதலில் கிராமத்தில் அடக்கஞ் செய்யப்பட்டு, 1953-இல் ஷிஜியாசுவாங் நகரத்துத் தியாகிகள் மயானத்திற்கு மாற்றப்பட்டது. பெத்யூன் சமாதியும் அங்கேயே உளது. சீனா 1982-இலும் இந்தியா 1993-இலும் அவருக்குத் தபால் தலை வெளியிட்டன. மகன் இன்ஹுவாவும் தந்தையைப்போல் வைத்தியம் பயின்றான். படிப்பு முடியுமுன்னரே 1967-இல் இளவயதில் இறந்துபட்டான். சிங்லான் அம்மையார் பன்முறை இந்தியா வந்து, கணவரின் உடன்பிறந்தாரோடு தங்கிச் சென்றார். 2012-ஆம் வருடம் டாலியன் நகரிற் காலமானார்.