சிகரெட் பெட்டிக்குள் இருந்த முகம்

பக்தர் வரலாறு: பில்லி சண்டே (1862 – 1935)



ஒரு சின்ன அட்டை. இரண்டரை அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதில் ஒரு பேஸ்பால் விளையாட்டுக்காரருடைய படம். என்ன விலை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2022-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஒரு பழைய அட்டை 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. ஆம், டாலர்தான்!

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ என்ற புகையிலைக் கம்பெனி, தன் சிகரெட் பெட்டிகளுக்குள் ஆளுக்கொரு விளையாட்டு வீரர் படம் வைத்து விற்றது. 500-க்கும் மேற்பட்ட படங்கள். அப்பா சிகரெட் வாங்க, பிள்ளை படம் சேர்த்தது. அதில் ஹோனஸ் வாக்னர் என்பவருடைய படம் மட்டும் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. தன் படத்துக்காகப் பிள்ளைகள் சிகரெட் வாங்கக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார் என்பார்கள் சிலர். கம்பெனி பணம் தராததுதான் காரணம் என்பார்கள் வேறு சிலர். எப்படியோ, அட்டை அபூர்வமாகிவிட்டது. இன்று பணக்காரர்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

இந்த அட்டைகளுக்கும் நம்முடைய எழுப்புதல் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அதற்கும் இருபது வருஷத்துக்கு முன்பே, 1880-களில், "ஓல்டு ஜட்ஜ்" என்ற சிகரெட் பெட்டிக்குள் வந்த அட்டைகளில் ஒரு வாலிபனுடைய முகம் இருந்தது. பேஸ்பால் உடை, கையில் விளையாட்டு, வாழ்க்கையில் குடி. அந்த வாலிபனைத்தான் ஆண்டவர் சிகரெட் பெட்டிக்குள் இருந்து எடுத்து, பிரசங்க பீடத்தில் நிறுத்தினார். அவர் பெயர் பில்லி சண்டே.

தகப்பன் முகம் காணாத பிள்ளை

1862 நவம்பர் 19-ஆம் தேதி, அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்த காலம். தகப்பனார் படையில் சேர்ந்திருந்தார். பிள்ளை பிறந்து சுமார் ஐந்தே வாரத்தில், பாளயத்திலேயே வியாதிப்பட்டு மரித்துப்போனார். மகன் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.

வீட்டில் வறுமை. தாயால் பிள்ளைகளை வைத்துக் காப்பாற்ற முடியவில்லை. போர்வீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிக்குப் பில்லியையும் அண்ணனையும் அனுப்பினார்கள். அங்கே ஒழுங்கும் கொஞ்சம் படிப்பும் கிடைத்தது. இன்னொன்றும் கிடைத்தது: ஓட்டம். அந்தப் பையனைப் போல ஓட ஒருவராலும் முடியவில்லை.

பிறகு மார்ஷல்டவுன் என்ற ஊருக்குப் போய் அங்குள்ள குழுவில் விளையாடினார். கேப் ஆன்சன் என்ற பெரிய வீரருக்கு அதுதான் சொந்த ஊர். அவர் இந்த வாலிபனைச் சிகாகோ குழுவுக்கு 1883-இல் அழைத்துக்கொண்டார். முதல் ஆட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? நாலு தடவை மட்டை பிடித்தார்; நாலு தடவையும் பந்தைத் தொடாமலே அவுட்! ஆனாலும் ஓட்டம் அவரைக் காப்பாற்றியது. பந்து வீசுகிறவர் அசந்த நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பதில் கெட்டிக்காரர். 1890-ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் 84 தடவை அப்படி ஓடிப் பிடித்தார்.

பேர் வந்தது, காசு வந்தது. கூடவே குடியும் வந்தது.

தெருமுனையில் ஒரு பாட்டு

1886 அல்லது 1887-இல், சிகாகோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட விளையாடுகிறவர்களோடு குடித்துவிட்டுத் தெருமுனையில் உட்கார்ந்திருந்தார். எதிரே பசிபிக் கார்டன் மிஷன் ஊழியர்கள் வாத்தியங்களோடு பாடிக்கொண்டிருந்தார்கள். குடிகாரர்களையும் கைவிடப்பட்டவர்களையும் ஆதாயப்படுத்த கர்னல் கிளார்க் என்பவரும் அவர் மனைவி சாரா அம்மையாரும் 1877-இல் ஆரம்பித்த ஊழியம் அது.

அந்தப் பாட்டு அவரை எழும்பவிடவில்லை. சின்ன வயசில், மரக்கட்டைகளால் கட்டிய அந்தக் குடிசையில் அம்மா பாடின பாட்டு! எத்தனை வருஷம் ஆனாலும் தாயின் ஜெபம் வீணாய்ப் போகுமா? கண்ணீர் வந்தது. கூட இருந்தவர்களிடம், இனி என் வழி வேறே என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். மிஷன் கூட்டங்களுக்குத் தொடர்ந்து போனார். உள்ளே பெரிய போராட்டம். சாரா அம்மையார் பொறுமையாய்ப் பேசி ஆண்டவரண்டை நடத்தினார்கள். பில்லி சண்டே இரட்சிக்கப்பட்டார். அல்லேலூயா!

அன்றோடு குடி போச்சு. கெட்ட வார்த்தை போச்சு. சூதாட்டம் போச்சு.

மறுபடி மைதானத்துக்குப் போகப் பயந்தாராம், எல்லாரும் கேலி பண்ணுவார்களே என்று. ஆனால் முதலில் வந்து கைகொடுத்துத் தைரியம் சொன்னவர் மைக் கெல்லி என்று அவரே பின்னாளில் சாட்சி சொன்னார். கெல்லி அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரம். 1887-இல் சிகாகோ குழு அவரைப் பாஸ்டன் குழுவுக்கு 10,000 டாலருக்கு விற்றது, தேசமே ஆச்சரியப்பட்டது. அவருடைய படமும் அதே சிகரெட் பெட்டிகளில் வந்தது. ஆனால் குடியை விட முடியவில்லை. 1894-இல், 36-ஆம் வயதில் மரித்துப்போனார். ஒரே மைதானம், ஒரே சிநேகிதம். ஒருவர் எழுந்து நடந்தார், ஒருவர் உட்கார்ந்தே இருந்துவிட்டார்.

83 டாலர்

1888-இல் நெல் என்று அழைக்கப்பட்ட ஹெலன் தாம்சனை விவாகம் செய்தார். நெல் அம்மையார் பக்தியுள்ள சபைக் குடும்பத்துப் பெண். 1890-இல் முதல் பெண் குழந்தை பிறந்தது.

அதற்குள் ஊழிய பாரம் உள்ளே எரிய ஆரம்பித்துவிட்டது. ஆனால் பிலதெல்பியா குழுவோடு ஒப்பந்தம் இருந்ததே! ஆண்டவரே, நீர் அழைக்கிறது உண்மையானால் இவர்களே என்னை விட்டுவிடட்டும் என்று ஜெபித்தார். 1891-இல் விடுதலை கிடைத்தது. சோதனையும் உடனே வந்தது. வேறொரு குழு பெரிய சம்பளம் காட்டிக் கூப்பிட்டது. ஒரு பக்கம் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர். இன்னொரு பக்கம் சிகாகோ ஒய்.எம்.சி.ஏ.வில் மாதம் 83 டாலர் சம்பளத்தில் ஊழியம். வயது 28. கையில் குழந்தை. நெல் அம்மையார் தடுக்கவில்லை. ஊழியத்துக்கே போகச் சொல்லித் தேற்றினார்கள்.

83 டாலரைத் தெரிந்துகொண்டார். லாபமாயிருந்தவைகளை கிறிஸ்துவுக்காக நஷ்டமென்று எண்ணிய பவுலின் கணக்கு இதுதான் (பிலிப்பியர் 3:7). என்ன வேலை தெரியுமா? வியாதியஸ்தரைப் பார்ப்பது, சாகத் துணிந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவது, சாராயக் கடைக்குள்ளேயே போய்க் கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுவது. மைதானத்தில் ஆயிரம் பேர் கைதட்டினவருக்கு இங்கே கைதட்ட யாரும் இல்லை.

1893 முதல் வில்பர் சாப்மன் என்ற சுவிசேஷகருக்கு உதவியாளராயிருந்தார். முன்னதாகவே ஊருக்குப் போய் இடம் பார்ப்பார், கூடாரம் போடுவார். சாப்மன் திடீரென்று சபை ஊழியத்துக்குத் திரும்பிவிட, பில்லி வேலையில்லாமல் நின்றார். சில நாட்களில் அயோவாவில் கார்னர் என்ற சின்ன ஊரிலிருந்து அழைப்பு வந்தது. 1896 ஜனவரியில் அங்கே போனார். ஆண்டவர் கதவைத் திறந்தார்.

மரத்தூள் பாதை

பத்து வருஷம் மின்சாரம் எட்டாத சின்ன ஊர்களில் ஊழியம். 1906-இல் கொலராடோவில் சாலிடா என்ற இடத்தில் பனி கொட்டி, கூடாரம் நாசமாயிற்று. அதன்பின் எந்த ஊருக்குப் போனாலும் மரப்பலகையால் பெரிய கொட்டகை கட்டச் சொன்னார். சத்தம் கேட்காதபடி தரையில் மரத்தூள் போடுவார்கள். பிரசங்கம் முடிந்ததும் ஜனங்கள் அந்த மரத்தூள்மேல் நடந்து முன்னே வந்து, ஊழியக்காரர் கையைப் பிடித்து ஒப்புக்கொடுப்பார்கள்.

மைக் கிடையாது. தொண்டைதான். மேடையில் ஓடுவார், குதிப்பார், பேஸ்பாலில் விழுந்து சறுக்குவதுபோலச் சறுக்குவார், நாற்காலியைத் தூக்குவார். படித்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். சாராயத்துக்கு விரோதமாய் அவர் பேசினபோது சாராயக் கடைக்காரர்கள் நடுங்கினார்கள். 1919-இல் அமெரிக்கா மதுவிலக்கைச் சட்டமாக்கியதில் அவருடைய குரலுக்குப் பெரிய பங்கு உண்டு.

1917-இல் நியூயார்க் பட்டணத்தில் பத்து வாரக் கூட்டம். கொட்டகை கட்டின இடம் எது தெரியுமா? ஹில்டாப் பார்க் என்ற பழைய பேஸ்பால் மைதானம்! 1909-இல் வந்த சிகரெட் அட்டைகளில் இருந்த நியூயார்க் வீரர்கள் ஓடின அதே மண். மைதானத்தை இடித்துவிட்டார்கள், அங்கேதான் கொட்டகை எழும்பிற்று. சுமார் 98,000 பேர் முன்னே வந்தார்கள். அவருக்கென்று சேர்ந்த காணிக்கை ஏறக்குறைய 1,20,000 டாலர். அதை யுத்த நிவாரணத்துக்கே கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் சிகாகோ கூட்டத்தின் காணிக்கையை, சுமார் 58,000 டாலரை, யாருக்குக் கொடுத்தார்? பசிபிக் கார்டன் மிஷனுக்கு. தன்னைத் தெருமுனையில் கண்டெடுத்த ஊழியத்தை அவர் மறக்கவில்லை.

மறைக்கக் கூடாத பக்கம்

தேவ ஜனமே, வேதம் தாவீதின் வெற்றியையும் எழுதியிருக்கிறது, விழுகையையும் எழுதியிருக்கிறது. நாமும் மறைக்க வேண்டாம். பில்லி சண்டே அந்நிய பாஷை அனுபவத்தை ஏற்றுக்கொண்டவர் அல்ல. நாவில் கடுமை இருந்தது. தென் மாநிலங்களில் கறுப்பு மக்களை வேறாகப் பிரித்து வைத்த முறைக்கு அவர் இணங்கிப் போனார். 1908-க்கும் 1920-க்கும் நடுவே 10 லட்சம் டாலருக்கு மேல் அவருக்கு வருமானம் வந்தது. கொடுக்கவும் செய்தார், சேர்க்கவும் செய்தார்.

இதையெல்லாம் விட வேதனையான ஒன்று, வீடு. 1908 முதல் நெல் அம்மையாரும் கூட்டங்களை நடத்த அவரோடு பிரயாணப்பட்டார்கள். பிள்ளைகளை வேலைக்கார அம்மா வளர்த்தார்கள். ஊர் ஊராய் ஜனங்கள் மரத்தூள் பாதையில் நடந்து வந்தபோது, சொந்த மகன்கள் மூவரும் குடியிலும் குலைந்த விவாகங்களிலும் விழுந்தார்கள். தேசத்தின் சாராயக் கடைகளை மூட வைத்தவருடைய வீட்டுக்குள்ளேயே குடி நுழைந்துவிட்டது. 1932-இல் மகள் வியாதியால் மரித்தாள். 1933-இல் மூத்த மகன் ஜார்ஜ் தற்கொலை செய்துகொண்டார். அதே 1933-இல் மதுவிலக்குச் சட்டமும் ரத்தானது. அந்த ஒரு வருஷம் அந்தப் பெரிய மனுஷர் இருதயம் எப்படி நொறுங்கியிருக்கும்!

ஆனாலும் அவர் பிரசங்கிப்பதை நிறுத்தவில்லை. கூட்டம் சிறுத்தது, ஊர் சிறுத்தது, பாரம் சிறுக்கவில்லை. 1935 நவம்பர் 6-ஆம் தேதி சிகாகோவில் மாரடைப்பால் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார். பிற்பாடு 1938-இல் ஒரு மகன் கார் விபத்திலும், 1944-இல் இன்னொரு மகன் விமான விபத்திலும் மரித்தார்கள். கணவரையும் நாலு பிள்ளைகளையும் அடக்கம்பண்ணின நெல் அம்மையார், 1957-இல் தான் மரிக்கும்வரை ஊர் ஊராய் வாலிபருக்கும் ஊழியருக்கும் பேசினார்கள்.

எது விலையுயர்ந்தது?

பழைய அட்டைகளைச் சேர்க்கிறவர்கள் அதைக் கண்ணாடி போன்ற உறைக்குள் பூட்டி வைக்கிறார்கள். ஒரு மூலை மடங்கினால் விலை குறையும். கறை பட்டால் விலை குறையும். பில்லி சண்டேயின் அட்டையையும் இன்று நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். அட்டைக்கு இத்தனை ஜாக்கிரதை! பிள்ளையின் ஆத்துமாவுக்கு?

உலகம் முழுவதையும் ஆதாயப்படுத்தி ஜீவனை இழந்தால் என்ன பிரயோஜனம் என்று ஆண்டவர் கேட்டார் (மத்தேயு 16:26). சம்பளம், புகழ், கைதட்டு எல்லாவற்றிலும் பில்லி சண்டே இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டார். வீட்டு விஷயத்தில்தான் கணக்கு தப்பிப்போயிற்று. மற்றவர்களுடைய திராட்சத்தோட்டத்தைக் காத்து, தன் தோட்டத்தைக் காக்காமல் போன துக்கம் அது (உன்னதப்பாட்டு 1:6).

அருமையான தகப்பனே, தாயே, ஊழியக்காரரே, இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். கூட்டம் முடிந்து எவ்வளவு நேரமானாலும் சரி, தூங்குகிற பிள்ளையின் தலைமேல் கை வைத்துப் பேர் சொல்லி ஜெபியுங்கள். சபையாரே, உங்கள் போதகருடைய பிள்ளைகளைக் குறை சொல்லுமுன் அவர்களுக்காக முழங்கால் போடுங்கள். அவர்கள் அப்பாவை உங்களோடு பங்குபோட்டுக் கொண்டவர்கள்.

தெருமுனையில் குடித்து உட்கார்ந்திருந்தவனை, மரித்துப்போகாத ஒரு தாயின் பாட்டு எழுப்பிற்று. உங்கள் வீட்டில் இன்றைக்கு அந்தப் பாட்டு கேட்கிறதா?

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் ஊழியத்தையும் எங்கள் வீட்டையும் உம்முடைய கரத்தில் தருகிறோம். வெளியே தேடிப்போன ஆத்துமாக்களோடு எங்கள் பிள்ளைகளும் உம்முடைய ராஜ்யத்தில் காணப்பட கிருபை தாரும். வழிதப்பிப் போன மகனையும் மகளையும் இன்றைக்கே திருப்பிக் கொண்டுவாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.