உதைக்கவே முடியாது என்றார்கள்... புரூஸ் லீ மீண்டது எப்படி?

1970. புரூஸ் லீக்கு வயசு 29. ஒருநாள் சரியா வார்ம்-அப் பண்ணாமல், எடையைத் தோளில் ஏற்றிக் குனிந்து நிமிர்ந்தார். கீழ்முதுகு நரம்பில் பலத்த அடி. இனி உதைக்கவே முடியாது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள்.

உதைதான் அவருக்குப் பிழைப்பு. வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள், கையில் காசில்லை. மனைவி லிண்டா வேலைக்குப் போனார்.

மாதக்கணக்கில் படுக்கை. ஆனாலும் லீ சும்மா இருக்கவில்லை. வலி தன் கையில் இல்லை. படிப்பதும் எழுதுவதும் தன் கையில்தான். சண்டைக்கலை பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதினார். பிறகு மெல்ல மெல்லப் பயிற்சி.

1971-ல் 'தி பிக் பாஸ்' ஹாங்காங்கில் வசூலை அள்ளியது. முதுகுவலியோடுதான் அதிலும் உதைத்தார். 1973-ல், 32 வயசில் மறைந்தார். படுக்கையில் எழுதிய குறிப்புகளும் சேர்ந்து 1975-ல் 'தாவோ ஆஃப் ஜீத் குன் டோ' புத்தகமாக வந்தன.