388-க்கு எதிராக 1 ஓட்டு: போருக்கு இரண்டு முறை 'நோ' சொன்ன ஜெனட் ரேங்கின் யார்?

1941 டிசம்பர் 8. முந்தைய நாள்தான் பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டிருந்தது. 2,400 பேருக்கு மேல் பலி. அமெரிக்காவே கொதிச்சுப் போயிருந்த நேரம். போர் அறிவிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபைக்கு வந்தது. ஆதரவு 388, எதிர்ப்பு 1.

அந்த ஒத்த ஓட்டு ஜெனட் ரேங்கினுடையது. அப்போது அவருக்கு வயது 61.

யார் இவர்?

1880-ல் மொன்டானாவில் பிறந்தவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஊர் ஊராகப் பேசியவர். நாடு முழுக்க பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1920-ல்தான். அதுக்கு முன்னாடியே, 1916-ல் ஜெயிச்சு அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் போன முதல் பெண் இவர்.

பதவியேற்ற வாரமே சோதனை. முதல் உலகப்போரில் இறங்கலாமா என்று ஓட்டெடுப்பு. எதிர்த்தால் பெண்கள் ஓட்டுரிமைக்கே அடி விழும் என்று கூட இருந்தவர்களே பயந்தாங்க. ஆனாலும் எதிர்த்தார். அன்று எதிர்த்தவர்கள் மொத்தம் 50 பேர், மற்ற 49 பேரும் ஆண்கள். ஆனா பெண் என்பதால் மனசு இளகிட்டார் என்ற பேச்சு யாருக்கு வந்திருக்கும்? இவருக்குத்தான். 1918-ல் செனட் தேர்தலில் தோற்றார்.

நாட்டைப் போருக்குள் போக விடமாட்டேன் என்று சொல்லியே 1940-ல் மறுபடி ஜெயிச்சார். அடுத்த வருஷமே பேர்ல் ஹார்பர். அவையில் பேச எழுந்தார், வாய்ப்பு தரல. ஓட்டு போடாமலாவது இருங்கன்னு சக உறுப்பினர்கள் கெஞ்சியும் கேட்கல. வெளியே வந்தபோது கூட்டம் சூழ்ந்துகொள்ள, டெலிபோன் பூத்துக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். போலீஸ் வந்துதான் மீட்டது.

அவர் வாதம் ரொம்ப எளிமையானது. பெண் என்பதால் தன்னைப் போருக்கு அனுப்ப மாட்டார்கள். தான் போகாத போருக்கு இன்னொருத்தரை அனுப்பவும் மாட்டேன், அவ்வளவுதான்.

ஆனா எதிரிதானே முதலில் அடிச்சான்? ஹிட்லரை வேறு எப்படி நிறுத்துவது? இதுக்கு அவரிடம் முழுசான பதில் இருந்ததாகத் தெரியல. மூன்றே நாளில் ஜெர்மனி, இத்தாலி மீதான போர்த் தீர்மானங்கள் வந்தபோது, ஆதரவும் இல்லை எதிர்ப்பும் இல்லை, அவையில் இருக்கிறேன் என்று மட்டும் பதிவு செய்தார். தயக்கமா, களைப்பா, யார் கண்டது!

1942 தேர்தலில் நிற்கவே இல்லை. காந்தியின் அகிம்சை வழி மேல் இருந்த ஈர்ப்பில் ஏழு தடவை இந்தியா வந்து போனார். 1968 ஜனவரியில், 87 வயதில், வியட்நாம் போரை நிறுத்தச் சொல்லி சுமார் 5,000 பெண்களோடு வாஷிங்டனில் பேரணி போனார்.

1973-ல் காலமானார். வியட்நாம் போர் முடிய அப்புறமும் இரண்டு வருஷம் ஆச்சு.