பூட்டிய கதவைத் திறந்தவர்: டாக்டர் வித்யாசாகர்

நம் தாமிரபரணிக் கரை ஊர்களில் ஒரு வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் போதும். அண்டை வீட்டார், சம்பந்தி வீட்டார், மஹல்லாவாசிகள் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து நலம் விசாரித்துப் போவார்கள். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத் என்பது நம் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதே வீட்டில் ஒரு வாலிபனுக்கோ குமர்ப் பெண்ணுக்கோ புத்தி தடுமாறிவிட்டால் நிலைமை தலைகீழாகி விடுகிறது. வாசற்கதவு சாத்தப்படுகிறது. மற்றப் பிள்ளைகளின் திருமணம் தடைப்படுமே என்ற அச்சத்தில் நோயாளி பின்கட்டில் ஒதுக்கப்படுகிறார். பிறகு எங்கேனும் கொண்டு போய் விடப்படுகிறார்.

இப்படிப் பூட்டிய கதவைத் திறந்து வைத்த ஒரு பெரியவரின் வாழ்வை இம்மாதம் வாசகர்களின் முன் வைக்கிறோம். அவர் பஞ்சாபைச் சேர்ந்த டாக்டர் வித்யாசாகர். நம் மார்க்கத்தவர் அல்லர். எனினும் நல்லதை எவரிடம் கண்டாலும் எடுத்துக்கொள்வது நமக்கு அழகு அல்லவா?

1947இல் நாடு பிரிந்தபோது நிலமும் பொருளும் மட்டும் பங்கு போடப்படவில்லை. மனநோயாளிகளும் பங்கு போடப்பட்டார்கள். அதுவரை பஞ்சாப் முழுவதற்கும் மனநோய் ஆஸ்பத்திரி லாகூரில்தான் இருந்தது. 1950இல் அங்கிருந்த இந்து, சீக்கிய நோயாளிகள் ஏறக்குறைய 450 பேர் எல்லை தாண்டி அமிர்தசரஸுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இந்திய ஆஸ்பத்திரிகளில் இருந்த முஸ்லிம் நோயாளிகள் பாகிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார்கள். உருது எழுத்தாளர் மண்ட்டோவின் புகழ்பெற்ற டோபா டேக் சிங் என்ற கதை இந்தத் துயரத்தைப் பற்றியதே. பெற்றோர் எங்கே, பிறந்த ஊர் எந்த நாட்டில் என்று தெரியாமல் தவித்த அந்த மக்கள் வந்து சேர்ந்த அமிர்தசரஸ் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பில்தான் வித்யாசாகர் பணியாற்றினார்.

அக்காலத்து மனநோய் ஆஸ்பத்திரிகள் எப்படி இருந்தன என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயாளியைச் சேர்ப்பதற்குப் பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். உயரமான சுவர், பூட்டிய அறை, காவல் ஆட்கள். பார்ப்பதற்குச் சிறைச்சாலை போலவே இருக்கும். உறவினர்கள் வாசலில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாளடைவில் வருகை குறையும், கடிதமும் நின்றுவிடும். குணமான பிறகும் அழைத்துப் போக ஆளில்லாமல் ஆயுள் முழுவதும் அங்கேயே கழித்தவர்கள் ஏராளம்.

வித்யாசாகர் 1950களில் இந்த முறையையே மாற்றினார். நோயாளிகள் அதிகம், கட்டில்கள் குறைவு, பணியாளர்கள் அதைவிடக் குறைவு. அவர் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்தார். நோயாளியுடன் வந்த தாயையும் தகப்பனையும் மனைவியையும் உடன் தங்கச் செய்தார்.

இதனால் விளைந்த நன்மைகள் பல. அறிமுகமில்லாத இடத்தில் மிரண்டு போகும் நோயாளி, பெற்ற தாயின் முகத்தைக் கண்டு அமைதியடைந்தார். சோறு ஊட்டவும் குளிப்பாட்டவும் வீட்டார் இருந்தார்கள். சிகிச்சையைக் கண்ணால் கண்டதால் இது பேயுமல்ல, பில்லியுமல்ல, சாபமுமல்ல. மருந்துக்குக் கட்டுப்படும் நோய்தான் என்பது அவர்களுக்கு விளங்கியது. மாலை வேளைகளில் நோயாளிகளையும் உறவினர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, அவர்களுக்குப் பழக்கமான சமயக் கதைகளைக் கொண்டே மனத்தின் இயல்பை எடுத்துரைப்பார். அந்தக் குடும்பங்கள் ஊர் திரும்பியபோது, மனநோய் குணமாகும் என்ற செய்தியையும் உடன் கொண்டு போயின. கிராமம் கிராமமாகச் சென்று பிரசாரம் செய்தாலும் இத்தனை பலன் கிடைத்திருக்குமா?

அது புதிய மருந்துகள் வரத் தொடங்கிய காலம். குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோயைத் தணிக்கும் என்று 1952இல் பாரீஸ் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஆனால் மருந்தை வேளை தவறாமல் கொடுக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தயார் செய்ததுதான் வித்யாசாகரின் சாதனை.

நம் தமிழ்நாட்டிலும் 1957இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியுடன் குடும்பத்தார் தங்கும் முறை ஏற்பட்டது. பெங்களூரிலும் அவ்வாறே நடந்தது. 1960களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கியது. செல்வ நாடுகளின் நகரங்களைவிட, நம் ஆக்ராவிலும் ஆப்பிரிக்காவின் இபாதானிலும் நோயாளிகள் நன்றாகத் தேறியிருந்தார்கள். காரணம் என்ன என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குடும்பத்தின் அரவணைப்பும் ஒரு காரணம் என்று பலர் கருதுகிறார்கள்.

வித்யாசாகர் பின்னர் ரோத்தக் மருத்துவக் கல்லூரியிலும் பணிபுரிந்து, 1970களின் இறுதியில் மறைந்தார். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனி நம் பக்கம் திரும்புவோம். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தர்காவுக்கு அருகே தனியார் நடத்திய ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பிக்க வழியின்றி மாண்டார்கள். பலர் வீட்டாரால் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். அமிர்தசரஸில் கூடாரம், ஏர்வாடியில் கொட்டகை. இரண்டும் எளிய கூரைகள்தாம். ஒன்றில் உறவு உடனிருந்தது. மற்றொன்றில் உறவின் இடத்தில் சங்கிலி இருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடுத்துவிட்டது.

துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்று கற்பித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். துக்கத்தில் இருப்பவருக்கு வாற்கோதுமைக் கஞ்சி இதமளிக்கும் என்று காட்டித் தந்தவர்களும் அவர்களே. புத்தி தடுமாறியவர் தெளிவடையும்வரை அவர் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நம் ஷரீஅத். அல்லாஹ்வே குற்றம் பிடிக்காதவரை நாம் குற்றவாளிபோல் அடைத்து வைப்பது எந்த நியாயம்? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே பல்க் நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ உடல்நலத்தோடு மனநலத்தையும் சேர்த்து ஒரு நூல் எழுதி, கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனியே பரிகாரம் சொல்லியிருக்கிறார். 2008இல் குஜராத்தின் உனாவா தர்காவில் மருந்தும் துஆவும் ஒருசேரக் கிடைக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. பின்னர் ஏர்வாடியிலும் அத்தகைய திட்டம் வந்தது.

ஆகவே, வாரக்கணக்கில் தூக்கமின்மை, தனியே பேசுதல், உணவை வெறுத்தல், உளூவை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தல், சாக வேண்டும் என்று சொல்லுதல் ஆகியவற்றை வீட்டில் கண்டால் மறைக்க வேண்டாம். திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனையும் பெறலாம். அழைத்துப் போகிற உம்மாவோ வாப்பாவோ டாக்டரிடம் மருந்தின் விவரம் கேட்டறிந்து, கடைசிவரை கூடவே இருக்கட்டும். அந்த வீட்டுக்கு நாமும் கஞ்சியும் பழமுமாக நலம் விசாரிக்கப் போவோம்.

பூட்டிய கதவுகளைத் திறக்கும் மனத்தை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.