ஐடா அம்மையாரின் மோட்டார் வண்டி

தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற இராணிப்பேட்டையில், 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் ஐடா ஸ்கடர் பிறந்தார். அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்க மருத்துவர்கள்; தென்னாட்டில் தொண்டு புரிந்தவர்கள். ஐடாவுக்கோ அத்தொண்டில் நாட்டமில்லை. அமெரிக்காவிலேயே இனிது வாழ அவர் விரும்பினார்.

நோயுற்ற தாயாரைப் பேணுவதற்காக அவர் திண்டிவனத்திற்கு வந்திருந்த காலம் அது. ஓரிரவு மூன்று ஆடவர் ஒருவர் பின் ஒருவராக அவரை நாடி வந்தனர். மூவருடைய மனைவியரும் பேறுகால வேதனையால் துடித்துக்கொண்டிருந்தனர். தந்தையார் சிறந்த மருத்துவரே. ஆயினும் அயல் ஆடவர் ஒருவர் தம் மனைவியருக்கு மருத்துவம் செய்ய அம்மூவரும் இசையவில்லை. மருத்துவம் கல்லாத ஐடா செய்வதறியாது விழித்திருந்தார். பொழுது விடிந்ததும் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. அன்றே அவருடைய வாழ்க்கை வேறு திசையில் திரும்பிற்று.

1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே வேலூருக்கு வந்தார். ஒரே படுக்கையுடன் தொடங்கிய பணி வளர்ந்து, 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையாயிற்று. எனினும் அதன் வாயிலை மிதிக்க இயலாதவரே மிகப் பலர். மாட்டு வண்டியில் நோயாளியை ஏற்றி 20 மைல் கடப்பதற்குள் ஒரு பகல் கழியும். சில வேளைகளில் உயிரும் கழியும். ஆதலின் நோயாளியைத் தேடித் தாமே செல்ல அம்மையார் துணிந்தார். முதலில் அவருக்கும் மாட்டு வண்டியே துணை. 1909இல் ஒரு சிறிய மோட்டார் வண்டி வந்து சேர்ந்தது.

பிரெஞ்சு நாட்டுப் பெஜோ குடும்பத்தாரின் தொழிற்சாலையில் உருவான வண்டி அது. மாவு ஆலையொன்றை 1810இல் எஃகு ஆலையாக மாற்றிய அக்குடும்பத்தார், இரம்பமும் காப்பிக்கொட்டை அரைக்கும் பொறியும் செய்து விற்றனர். பின்னர் மிதிவண்டியும், அதன்பின் மோட்டார் வண்டியும் செய்தனர். இரம்பத்தின் பற்கள் சிங்கத்தின் பற்களை ஒத்த உறுதியுடையவை எனக் காட்டப் பொறித்த சிங்க முத்திரையே, பின்னாளில் காருக்கும் சின்னமாயிற்று! வேலூர் வண்டியில் இருந்தது ஒரே ஒரு சிலிண்டர். ஆயினும் அதன் ஓசை பெரிது. மாடும் குதிரையும் பூட்டாமல் இரைந்துகொண்டு வந்த அதனைக் கண்ட சிற்றூர் மக்கள், பேயோ என அஞ்சி ஓடினர்.

அவ்வச்சம் நெடுநாள் நிலைக்கவில்லை. குடியாத்தம் சாலையில் அதே வண்டியை எதிர்நோக்கி, மரநிழல்தோறும் மக்கள் காத்திருக்கத் தொடங்கினர். ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளரும் அங்கே வந்தனர். அவர்தம் புண்களைக் கழுவிக் கட்டி, மருந்தளித்து, அடுத்த மரத்தடிக்கு அம்மையார் விரைந்தார்.

ஒரு மருத்துவர் எத்தனை ஊர்களுக்குப் போதும்? 1909இல் செவிலியர் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் அவர் தொடங்கினார். மருத்துவப் பள்ளி 1942இல் கல்லூரியாக உயர்ந்தது. மாணவியர் பாடம் கற்ற இடங்களுள் அம்மரத்தடிகளும் அடங்கும். சிறிய காருக்குப் பதிலாகப் பெரிய வண்டிகள் அச்சாலையில் ஓடலாயின. 1960ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், தம் 89ஆம் வயதில், கொடைக்கானலில் அம்மையார் காலமானார். அப்போது அவரிடம் பயின்ற பெண் மருத்துவர்கள் பல ஊர்களிலும் பணியாற்றிக்கொண்டிருந்தனர்.